மிச்சம் வைக்காதவள்

என் வீட்டுக்காரரை அடித்துக் கொன்ற ஆளின் மகள் அவள். புதுப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான் இருந்தது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் அவளைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை.

பேர் வேண்டாம். குப்பத்தில் 'வக்கீலம்மா' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவளும் 'ஏன்' என்று குரல் கொடுப்பாள். இப்போது அவள் இங்கே இல்லை. நாவலூர்ப் பக்கம் அடுக்குமாடி ஒன்றில் பெருக்கித் துடைக்கிறாள் என்று மீன் ஏற்றிப் போகிற வண்டிக்காரர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஒல்லி. இடது கை முழங்கைக்குக் கீழே கோணல், நேராக நீட்ட வராது. கூடையை வலது இடுப்பில்தான் வைப்பாள். யாருக்காகவாவது பேசப் போனால் செருப்பைக் கழற்றிவிடுவாள். கோயில் என்று இல்லை, கரண்ட் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், மீன் ஏலம் விடுகிற கொட்டகை, எல்லா இடத்திலும்தான். கழற்றிவிட்டு, யாருக்காகப் பேசுகிறாளோ அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். பிடி இரும்பு மாதிரி இருக்கும். அப்புறம் பேச ஆரம்பிப்பாள்.

அவள் பேச்சு மற்றவர்கள் பேச்சு மாதிரி இருக்காது. காப்பாற்ற வந்தவள்தானா என்று சந்தேகம் வரும்.

ஒரு முறை மார்க்கெட்டில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற கூடைக்காரி, பக்கத்து டவுன்ஷிப்பில் குடியிருக்கிற அம்மா ஒருத்திக்கு நாள்பட்ட சங்கரா மீனைப் புதுசு என்று விற்றுவிட்டாள். மறுநாள் அந்த அம்மா புருஷனோடு வந்துவிட்டாள். இனிமேல் இந்தப் பொம்பளை இங்கே கடை போடக் கூடாது என்று அவர் சத்தம் போட்டார். இவள் எங்கிருந்தோ வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கூடைக்காரியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இவ திருடி சார். செவுளுக்கு வேற மீன் ரத்தத்தத் தடவிக்கினு குந்தினுகீறா. போன வாரமும் இதே வேலதான். ஆடி மாசம் ஆத்தாளுக்குக் கூழு ஊத்தன அன்னிக்கே புழு வெச்ச கருவாட்ட குடுத்தவ சார் இவ. சாமிக்கே அப்படின்னா உங்களுக்கு எப்படி? ஸ்டேஷனுக்குத்தானே போவணும், நானே இட்டாறேன், வாங்க."

அந்த ஆள் ஒரு அடி பின்னால் போனார். சரி விடும்மா, பாவம், பொழப்பு, என்று சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கூடைக்காரி ஒரு நாள் முழுக்க இவளைத் திட்டினாள். திருடி என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டாளே என்று. இவள் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

"அந்தாளு சொல்ல வந்ததெல்லாம் நானே சொல்லிட்டேன். அவருக்கு இன்னா மீந்துது? பாவம்னு சொல்றது ஒண்ணுதான் மீந்துது."

இது அவள் கண்டுபிடித்த வித்தை இல்லை. எங்கள் குப்பத்து வழக்கம். தப்புப் பண்ணினவன் ஊர்க் கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது. கங்கையம்மன் கோயில் வாசலில் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். அவன் வீட்டு ஆள் ஒருத்தர் அவன் தப்பைச் சொல்ல வேண்டும். இப்போது பண்ணினது மட்டும் இல்லை, பழசையும் சேர்த்து, ஊருக்குத் தெரியாததையும் சேர்த்து. எதையாவது மறைத்து, அது பிறகு தெரிந்தால் தண்டனை இரண்டு மடங்கு. மறைக்காமல் சொல்லிவிட்டால் பாதி. கோயில் வாசலில் சொன்ன தப்பு அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு அவன் வீட்டு ஆளைத் தவிர அதை யாரும் வாயால் எடுக்கக் கூடாது. எடுத்தால் எடுத்தவனுக்குத் தண்டனை.

பொம்பளை பேசுகிற வழக்கம் இல்லை. இவள்தான் முதல். இவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அண்ணன் தம்பி கிடையாது. அப்பன் ஒருத்தனைத் துடுப்பால் அடித்து முன்பல் இரண்டைக் கொட்டிவிட்டான். கூட்டம் போட்டார்கள். வீட்டு ஆள் யார் என்று கேட்டபோது பாவாடையோடு இவள் வந்து நின்றாள். பெரியவர்கள் கூடாது என்றார்கள். வீட்டில் வேறு ஆள் இருந்தால் சொல்லுங்கள், போய்க் கூட்டி வருகிறேன் என்றாள். அவள் அப்பனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். குடிப்பது, அம்மாவை அடித்து ஒரு காது கேட்காமல் பண்ணினது, அடுத்தவன் கூட்டில் இருந்து நண்டு எடுத்தது, எல்லாம். கேட்டவர்களுக்குத் தண்டனை கொடுக்க மனசு வரவில்லை. கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கி ஊற்று என்று விட்டுவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் தட்டிக்கு அந்தப் பக்கம் அடி விழுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு சொல்லியிருக்க வேண்டாம் என்று அவன் அடித்தான். அந்தக் கைதான் கோணலாகிப் போனது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவளை என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஊருகிட்ட அவர தப்பிக்க வெச்சிட்டேன்க்கா. அவருகிட்ட நான் தப்பிக்கல" என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு அடிக்கடி வரும். வரக் கூடாத இடத்தில் வரும்.

அதற்குப் பிறகு அவன் எத்தனையோ தடவை அந்த வாசலில் நின்றான். ஒவ்வொரு தடவையும் அவள் பேசினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, மழைக்கு ஒதுங்கினவன் மாதிரி நிற்பான். எப்போது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்காகவும் பேசியிருக்கிறாள். அவர் படகு இஞ்சினில் அடுத்த குப்பத்து வலை மாட்டிக் கிழிந்துவிட்டது. நான்தான் பேச வேண்டும். எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. அவளிடம் போய் நின்றேன். வீட்டு ஆள்தான் பேச வேண்டும் என்று பெரியவர்கள் மறுத்தார்கள். "தட்டிக்கு அந்தாண்ட நானு, இந்தாண்ட இவுங்க. ஒரே வூடுதான்" என்றாள். என் வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரை அவ்வளவு கேவலமாகப் பேசினாள். எனக்கே தெரியாததெல்லாம் சொன்னாள். கிழிந்த வலையைத் தைத்துக் கொடுத்தால் போதும் என்று விட்டார்கள். வீட்டுக்கு வந்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் இவ்ளோ அயோக்கியன்னு எனக்கே தெரியாம போச்சே" என்றார். தட்டிக்கு அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள்.

அவரை அவள் அப்பன் கொன்றது மணலில் வலை உலர்த்துகிற இடத்துக்காக. எங்கள் படகு ஏற்றுகிற இடத்தில் அவன் வலையைப் பரப்பி வைத்திருந்தான். எடுக்கச் சொல்லிப் பல நாள் கேட்டும் எடுக்கவில்லை. அன்றைக்கு விடியற்காலையில் இவரே மடித்து ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கேட்காமல் அடுத்தவன் வலையைத் தொடுவது எங்களில் பெரிய குற்றம். தெரிந்துதான் தொட்டார். இவர் திரும்பக் கடற்கரைக்குப் போனபோது அவன் வந்தான். பக்கத்துப் படகில் இருந்த நங்கூரத்தை எடுத்தான். ஒரே அடி. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

அன்றைக்கு அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். என் சொந்தக்காரர்கள் மீன் கழுவின தண்ணீரை அவள் மேல் ஊற்றினார்கள். துடைக்காமல் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஊர் கூடியிருந்தால் பேசியிருப்பாள். போலீஸ் வந்துவிட்டது, ஊர் கூடவில்லை. அந்தத் தப்பு மட்டும் கோயில் வாசலுக்குப் போகவே இல்லை.

காரியம் முடிந்ததும் நான் தட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பினேன். அவளோடு பேச்சு இல்லை. தெருக் குழாயில் நான் வந்தால் அவள் குடத்தை நகர்த்தி வைப்பாள். நான் பிடித்துக்கொண்டு வருவேன்.

வாரிசுச் சான்றுக்குத் திருக்கழுக்குன்றம் தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்தேன். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலைக்கழித்தார்கள். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் பின்னால் இவள் நிற்கிறாள், செருப்பில்லாமல். நான் கூப்பிடவில்லை. வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். உதறினேன், விடவில்லை.

"இவுங்க வூட்டுக்காரரக் கொன்னது எங்கப்பாதான் சார். நங்கூரத்தால மண்டையில அடிச்சாரு. இந்தம்மா தாலி அறுத்துக்கினு இங்க வந்து நிக்கிறது எங்களாலதான். உங்க மேல தப்பில்ல சார், எங்க மேலதான். அலையவுடுங்க, பரவால்ல."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கே கையெழுத்தாகி வந்தது. வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அவள் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்து மணிக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. அப்பன் ஜாமீனில் வந்து, குப்பத்துக்குள் வர முடியாமல், திருவிடந்தையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தான். இவள் சமைத்து பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவாள். கடைசியில் செங்கல்பட்டு கோர்ட்டில் அவன் குற்றவாளிதான் என்று சொன்னார்கள். ஆனால் திட்டம் போட்டுச் செய்தது இல்லை, வாய்ச் சண்டையில் திடீர்க் கோபத்தில் நடந்தது என்று கொஞ்சம் இறக்கிவிட்டார்கள். தண்டனை என்ன என்பதற்கு வேறு நாள் வைத்தார்கள். கூட்டுவதும் குறைப்பதும் நீதிபதி கையில்தானாம்.

வராண்டாவில் அவர்கள் வக்கீல் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது எனக்குக் கேட்டது. அப்பாவுக்கு வயசாகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவரை விட்டால் ஆள் இல்லை, இவ்வளவு சொல், அழு, அஞ்சு வருஷத்தில் முடித்துவிடலாம் என்றார். "பழசெல்லாம்..." என்று அவள் இழுத்தாள். பழசு எதுவும் கோர்ட்டுக்குத் தெரியாது, இதுதான் முதல் கேஸ், அதை வைத்துத்தான் நான் கேட்கப் போகிறேன் என்றார் அவர். அவள் தலையை ஆட்டினாள். ஊர் வழக்கம் தெரியாத பிள்ளை என்று நினைத்திருப்பாள். சின்ன வயசு வக்கீல்.

தண்டனை சொல்கிற நாள் ஒரே பஸ்ஸில் போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டினதும் எழுந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கி சொல்லி முடிச்சிடறேன்க்கா. ஒண்ணும் மிச்சம் வெக்கமாட்டேன்."

அவள் பேச்சு தோற்று நான் பார்த்ததில்லை. அவள் வாயைத் திறந்தால் கேட்கிறவர்கள் பாவம் என்று சொல்லிவிடுவார்கள். என் புருஷனைக் கொன்றவன் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான். கோர்ட்டு வாசலில் அரசாங்க வக்கீலைப் பிடித்து, அந்தப் பொண்ணைப் பேசவிடாதீர்கள் என்றேன். அவர் சிரித்தார். மகள் அப்பனுக்காகப் பேசுவதை யாரம்மா தடுக்க முடியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நீதிபதி ஒரு அம்மா. அவர்கள் வக்கீல் எழுந்து, மகள் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சொல்லும்மா என்றார் நீதிபதி. இவள் செருப்பை வெளியிலேயே விட்டிருந்தாள். நேராகக் கூண்டுக்குப் போய் அப்பனின் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தாள். போலீஸ்காரர் தள்ளி நிற்கச் சொன்னார். பிடிக்க எதுவும் இல்லாமல் தன் இடது மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டாள். அவன் கூண்டுக்குள் தலையைக் குனிந்தான். மழைக்கு ஒதுங்கினவன் மாதிரி.

"எங்கப்பா நல்லவரு இல்லம்மா. எங்கம்மாவுக்கு ஒரு காது கேக்காம அடிச்சாரு. தோ, இந்தக் கைய ஒடச்சாரு. துடுப்பால அடிச்சி ஒருத்தர் பல்லக் கொட்னாரு. இன்னொருத்தர் காலு நொண்டி, அதும் இவருதான். எதுவும் கேசு ஆவல. ஊருல பேசி முடிச்சிக்கினோம்."

அவர்கள் வக்கீல் எழுந்து, பொண்ணு பதட்டத்தில் பேசுகிறாள் என்றார். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் நிறுத்தவில்லை. அப்பனும் நிமிரவில்லை. அவனுக்குப் பழகின பேச்சு அது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, போதும் நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். பெண் போலீஸ் என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"திடீர்னு கோவம் வந்துச்சின்னு சொல்லிகீறாங்க. அதும் இல்லம்மா. காலைலயே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. அவன் வலையத் தொட்டுட்டான், இன்னிக்கி அவன சாச்சிடறேன்னாரு. நாஸ்தா துன்னுட்டு, கைய கழுவிக்கினு, பொறுமையாத்தான் போனாரு. நான் தடுக்கல. சிரிச்சேன். தெனமும் எவனையாவது சாச்சிடறேன்னு சொல்றவருதான், அதனால சிரிச்சேன். அது என் தப்பு. இவ்ளோதாம்மா. மிச்சம் இல்ல. இனிமே நீங்க பாத்து செய்ங்க."

நீதிபதி அரசாங்க வக்கீலைப் பார்த்தார். அவர் பாதி எழுந்து, எனக்குச் சொல்ல மிச்சம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. மார்க்கெட்டிலும், கோயில் வாசலிலும், தாலுகா ஆபீசிலும் பேசி முடித்ததும் இருக்கிற அதே முகம். இனிமேல் பாவம் என்று சொல்லுவார்கள் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். கூண்டில் நிற்கிறவனும் அதைத்தான் நினைத்திருப்பான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

மத்தியானம் வாசித்தார்கள். ஆயுள்.

அவளுக்கு விளங்கவில்லை. எத்தினி வருசம் என்று வக்கீலைக் கேட்டாள். அவர் கேஸ் காகிதக் கட்டைக் கட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், "உங்க ஊர்க் கூட்டம்னு நெனச்சியா" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

வராண்டாவில் அப்பனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இவள் பின்னாலேயே ஓடி, அப்பா, சொன்னாத்தானே முடியும், நீயும் கேட்டுகினுதானே இருந்தே, என்றாள். அவன் நின்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

"ஒன்ன ஊமையா பெத்திருக்கணும்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையில் சிரித்தாள் என்பதுதான் காதில் நின்றது. அன்றைக்குக் காலையில் தட்டிக்கு அந்தப் பக்கம் அவன் முணுமுணுத்தது என்னவென்று விளங்கவில்லை; அவள் சிரித்தது மட்டும் கேட்டது, எனக்கு நினைவு இருக்கிறது. என்ன சிரிப்பு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவளுக்கு வேறு வேலை என்ன என்றேன். அவரும் சிரித்துவிட்டுத்தான் திரும்பக் கடற்கரைக்குப் போனார்.

அதற்குப் பிறகு குப்பத்தில் அவளை யாரும் பேசக் கூப்பிடவில்லை. ஏலக் கொட்டகையில் பையன்கள், "வக்கீலம்மா வாயத் தொறந்தா ஆயுளு மச்சான், ஓரமா போ" என்று அவள் காதுபடச் சொல்வார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போவாள். புழல் ஜெயிலுக்கு மனுப் போட்டுப் பார்க்கப் போவாள். அப்பன் வர மாட்டேன் என்று சொல்லியனுப்புவான். கொண்டுபோன பழத்தோடு திரும்பி வருவாள். மறுபடியும் போவாள். மறுபடியும் அதே பழம்.

ஒரு நாள் என் வாசலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நான் இறாலை உரித்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"எனக்காவ ஒரு வார்த்த பேசணும்க்கா. எங்கப்பாகிட்ட."

நான் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நான் போனா வரமாட்டேங்கிறாரு. நீ வந்துகீறேன்னா வந்துதான் ஆவணும். என் தப்பு எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணையும் வுடாத. எவ்ளோ கேவலமா வேணாலும் பேசு. தப்பு பண்ணவ நானே பேசக்கூடாது இல்ல."

வீட்டு ஆளைத்தானே கூப்பிட வேண்டும் என்றேன்.

"தட்டிக்கு அந்தாண்ட நானு, இந்தாண்ட நீ. ஒரே வூடுதானேக்கா."

"தட்டி இல்ல. செவுரு."

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறால் தண்ணீரில் வழுக்கியது. இழுத்துக்கொண்டேன்.

"அன்னிக்கிக் காலைல சிரிச்சியே" என்றேன்.

"அதான் சொல்லிட்டேனேக்கா. அத்தினி பேரு எதுர்ல சொல்லிட்டேனே. சொன்னது முடிஞ்சுது இல்ல? இனிமே எடுக்கக்கூடாது இல்ல?"

"கோயில் வாசல்ல சொன்னா முடியும். நீ செங்கல்பட்டுல சொன்ன."

அவளுக்கு மறுபேச்சு வராமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு போய்விட்டாள்.

செருப்பு என் வாசலிலேயே கிடந்தது. மறுநாள் காலையில் எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டேன். அங்கே வீடு பூட்டிக் கிடந்தது; அதை எடுக்க ஆள் இல்லை.